தேயாத பல்

மேஜையின் ஒரு மூலை குறைந்திருந்தது.

உடைந்த மூலை என்றால் சிராய் துருத்திக்கொண்டு நிற்கும். இது அப்படி இல்லை. காத்திருப்பு அறையில் நோயாளிகள் பழைய பத்திரிகைகளைப் புரட்டுகிற அந்த மேஜையின் மூலையை, வெண்ணெய்க் கட்டியை வழித்தெடுத்த மாதிரி யாரோ வழித்து எடுத்திருந்தார்கள். பல் டாக்டர் குனிந்து பார்த்தார். அடுத்தடுத்து இரண்டு பள்ளங்கள். ஒரே அகலம், ஒரே ஆழம். கீழே தரையில் மரத்தூள் மாவாக உதிர்ந்து கிடந்தது. தொட்டால் ஈரம்.

எலி என்று முடிவு கட்டினார். கடித்த தடத்தைப் பார்த்தே யாருடைய பல் என்று சொல்லிவிடுவார் என்று ஊருக்குள் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியதும் அவரேதான். எலிக்குக்கூட இவ்வளவு ஒழுங்கான வரிசையா என்று ஒரு கணம் மெச்சிக்கொண்டார்.

லேசில் யாரையும் மெச்சுகிற மனிதர் இல்லை அவர். எதிரே வருபவர் வாயைத் திறந்து நலம் விசாரித்து முடிப்பதற்குள் அந்த வாய்க்குள் உள்ள குறைகளைக் கணக்கெடுத்து, ஆளை நாலு படி கீழே இறக்கி வைத்துவிடுவார். தம்பி சிரித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தம்பியின் முன்பற்கள் பேருந்தில் இடம் பிடிக்கிறவர்களைப் போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். மனைவிக்குத் தெத்துப்பல். கல்யாணத்துக்கு முன்னால் அது கொள்ளை அழகாகத் தெரிந்தது. கல்யாணமான பிறகு, பல் டாக்டர் என்று வாசலில் பலகை தொங்குகிற வீட்டில் இப்படி ஒரு பல்லா என்று கம்பி கட்டச் சொல்லி நச்சரித்தார். அவள் மசியவில்லை. "நீங்க பாத்துப் பாத்து வழிஞ்ச பல்லுதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்றுவிட்டாள்.

இவர்கள் எல்லோரையும் சேர்த்துக் கட்ட அவரிடம் ஒரு சொல் இருந்தது. சும்மா பிறந்தவர்கள். கருத்தேர்வு நிலையத்தின் வாசலை மிதிக்காமல், நிறம், உயரம், குணம் என்று எதையும் பார்த்துப் பொறுக்காமல், பெற்றவர்கள் விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா பெற்றுப்போட்டவர்கள். தம்பி மகன் பரீட்சையில் கோட்டை விட்டால், "சும்மா பொறந்தது, அதுகிட்ட என்னத்தை எதிர்பாக்கிறது?" வண்டிக்காரர் வழி தவறினால் அதற்கும் அதே காரணம். மகளை மடியில் வைத்துக்கொண்டே இதைச் சொல்வார். குழந்தை கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருக்கும்.

மகள் சும்மா பிறந்தவள் இல்லை. முத்து என்று அவர் கூப்பிட்டதே அவள் பல்லைப் பார்த்துத்தான்.

நிலையத்தில் மற்ற பெற்றோர்கள் கண் கேட்டார்கள், மூக்கு கேட்டார்கள், கணக்கு நன்றாக வர வேண்டும் என்றார்கள், கூடவே இரக்க குணமும் கொஞ்சம் போட்டுக் கொடுங்கள் என்று கொசுறு கேட்பது போலக் கேட்டார்கள். டாக்டரும் கேட்டார். அழாத குழந்தை வேண்டும், எதற்கும் குறை சொல்லாத குழந்தை வேண்டும், அடுத்தவர் வலியைப் பொறுக்காத மனசு வேண்டும். ஆனால் பல் விஷயத்தை மட்டும் நிலையத்தாரிடம் விட அவருக்கு மனம் வரவில்லை. அவர்களும் சும்மா பிறந்தவர்கள்தானே. மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு பல்வரிசையைத் தானே வடிவமைத்து, பிளாஸ்டரில் வார்த்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். சொத்தை விழாது. கோணாது. தேயத் தேய அடியிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும், பொக்கை வாய் என்ற பேச்சே சாகும்வரை கிடையாது. நிலையத்தின் தலைமை மருத்துவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிரமாதம் சார். இதையே எல்லாக் குழந்தைக்கும் வெச்சுடலாமா?" என்று கேட்டார். டாக்டருக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

அதனால் அந்தத் தெருவில் முத்து வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவருடைய பல்லால்தான் சிரித்தார்கள். ஒவ்வொரு வாயும் தான் கையெழுத்துப் போட்ட ஓவியம் என்று நினைத்துக்கொண்டு அவர் மாலையில் நடை போவார்.

சத்தம் கேட்க ஆரம்பித்தது அந்த மேஜை மூலைக்குப் பிறகுதான். கடைசி நோயாளியும் போய், மருந்து வாடையும் கிராம்பு எண்ணெய் வாடையும் திரைச்சீலைகளில் தங்கிவிட, வெளியே வெளிச்சம் மங்கி உள்ளே விளக்குப் போடலாமா வேண்டாமா என்று கை தயங்குகிற அந்த நேரத்தில், வீட்டின் பின்பக்கத்திலிருந்து, சுவருக்கும் அலமாரிக்கும் நடுவிலிருந்து வருவது போல, கரக் கரக் என்று மெல்ல, அவசரமே இல்லாமல், இடையிடையே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தொடங்குகிற ஒரு சத்தம். அவர் எழுந்து நடந்தால் நின்றுவிடும். உட்கார்ந்தால் தொடங்கும். மரம் மட்டுமா அரைபடுகிறது, கூடவே எச்சிலும் உறிஞ்சப்படுகிறதா என்று ஒரு சந்தேகம் வந்தது. எலிக்குப் பயப்படுகிற ஆளா நான் என்று தன்னைத்தானே கடிந்துகொண்டு தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"எலி இல்லைங்க இது," என்றாள் மனைவி. "வீடு பூரா பெருக்கிட்டேன். ஒரு புழுக்கைகூட இல்ல."

"அப்ப என்ன, நானா கடிக்கிறேன்?"

அவள் மகளின் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கூண்டுப்பொறி வாங்கி வைத்தார். அடுத்த நாள் மாலை அதில் ஓர் எலி விழுந்திருந்தது. பார்த்தீர்களா என்று அவருக்கு ஒரே பெருமிதம். கூண்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எலி கம்பியைப் பற்றிக்கொண்டு வெறி பிடித்தது போலக் கடித்துக்கொண்டிருந்தது. நீண்டு வளைந்த மஞ்சள் பற்கள். கல்லூரியில் முதல் வருடம் படித்த பாடம் எங்கிருந்தோ எழுந்து வந்தது. எலியின் முன்பல் வளர்வதை நிறுத்தாது. அதனால் எலி கடிப்பதை நிறுத்த முடியாது. கடித்துக் கடித்துத் தேய்க்காவிட்டால் பல் வளைந்து அண்ணத்தைக் குத்திக்கொண்டு மேலே ஏறிவிடும்.

வளர்வதை நிறுத்தாத பல்.

கூண்டில் எலி கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. வீட்டின் பின்பக்கத்தில் மரம் அரைபடும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது.

கூண்டைக் கீழே வைத்துவிட்டு நடந்தார். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். கூடத்தில் விளக்கு இல்லை. மகளின் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், முட்டி போட்டு, பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை கசங்காமல், கட்டில் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முத்து கடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் நிறுத்தினாள். கைக்குட்டையை எடுத்து உதட்டைத் துடைத்துக்கொண்டாள். தூளைக் காகிதத்தில் வாரி மடித்தாள்.

"சாரிப்பா. நீட்டமா ஆயிடுது."

அவளைத் தூக்கிக்கொண்டு போய் நோயாளி நாற்காலியில் சாய்த்து, மேல்விளக்கைப் போட்டு வாயைத் திறக்கச் சொன்னார். கீழ்வரிசை முன்பற்கள் அண்ணத்தைத் தொட்டிருந்தன. தொட்ட இடத்தில் சதை வெளுத்து, இரண்டு குழி விழுந்திருந்தது. எவ்வளவு நாளாக வலித்திருக்கும்! குழந்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்லும்? குறை சொல்லாத குழந்தைதானே வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்தார். அவருக்கு அழுகை வந்தது. ஒரு எலிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நொந்துகொண்டார். அந்த ஒரு நிமிடம் அவர் நல்ல தகப்பனாகத்தான் இருந்தார்.

கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்ட மனைவி சொன்னாள்: "நாளைக்கே வேற டாக்டர்கிட்ட காட்டுவோம். மத்த வீடுகள்லயும் சொல்லணும்ங்க. அதுங்களும் பச்சைப் புள்ளைங்க."

நிமிடம் முடிந்துவிட்டது. "என்னன்னு சொல்றது? உங்க புள்ளைங்களுக்கெல்லாம் எலிப்பல்லு வெச்சுக் கொடுத்துட்டேன்னு மைக் போட்டுச் சொல்லவா? என் வேலையில இன்னொருத்தன் கை வைக்கிறதா? நானே பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டார். வாரத்துக்கு ஒருமுறை, விடுமுறை நாளில், கதவைச் சாத்திக்கொண்டு மகளின் பற்களைத் தேய்த்துக் குட்டையாக்கினார். மரத்துப்போகிற ஊசி போட்டுவிட்டு, எல்லா நோயாளிகளிடமும் சொல்கிற அதே ஆறுதலைச் சொன்னார். "வலி இருக்காதும்மா. சத்தம்தான். எலும்பு வழியா மண்டைக்குள்ள கேக்கும், அவ்வளவுதான்."

முத்துவுக்குக் கற்பூர புத்தி. ஊசியை எங்கே குத்துவது, எவ்வளவு மருந்து, எவ்வளவு நேரம் மரத்திருக்கும் என்று கேட்டாள். அவர் பெருமையோடு விளக்கினார். விரலுக்குப் போட வேண்டும் என்றால் விரலின் அடியில் இரண்டு பக்கமும், கைக்கு என்றால் அக்குளில் இன்ன இடம் என்று கேட்காததையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். ஒரு தடவை சொன்னால் போதும், பிடித்துக்கொண்டாள். தம்பி மகனுக்கு இதைப் பத்து தடவை சொன்னாலும் ஏறாது என்று நினைத்துக்கொண்டார்.

பல் நிற்கவில்லை. தேய்க்கத் தேய்க்க முன்னைவிட வேகமாக வளர்ந்தது. அப்படித்தானே அவர் வடிவமைத்திருந்தார். கட்டில் கால் போயிற்று, ஜன்னல் சட்டம் போயிற்று. வேறு வழி இல்லாமல் மகளைக் கூப்பிட்டு ஒரு விதி சொன்னார். "நல்ல சாமான் எதையும் தொடாதே. கோணல், பழசு, உதவாதது, அந்த மாதிரி இருந்தா எடுத்துக்கோ."

"சரிப்பா."

மரம் மெதுவாக இருக்கிறது என்றாள். கறிக்கடையிலிருந்து எலும்பு வாங்கி வந்து கொடுத்தார். ஒரே நாளில் திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள். "இது காஞ்சுபோச்சுப்பா. பொடியாகுது. பல்லு தேயல."

அதைச் சொல்லிவிட்டு அவள் போகவில்லை. அவர் பக்கத்திலேயே நின்றாள். "அப்பா, நீங்களும் பாத்துப் பொறுக்கித்தான் பொறந்தீங்களா?"

"எங்க காலத்துல அதெல்லாம் ஏதும்மா?"

"அப்ப நீங்க சும்மா பொறந்தவங்களா?"

அவருக்குச் சுருக்கென்றது. "நான் வேறம்மா," என்றார்.

அவள் தலையாட்டினாள். அவர் முழங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தடுத்த நாட்களில் தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பிள்ளைகளின் பல்லைப் புகழ்ந்துவிட்டு, எங்கள் வீட்டிலும் எலித் தொல்லை டாக்டர் என்று இழுத்தார்கள். சோபாவின் கால், பியானோவின் மூடி, வாசல் நிலை. நல்ல பொறியாக வாங்கி வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார். தேர்ந்தெடுத்துப் பெற்ற பிள்ளை கட்டிலுக்கு அடியில் என்ன செய்கிறது என்று குனிந்து பார்க்கத் துப்பில்லாத கூட்டம் என்று அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஏளனமாகச் சிரித்தார். தெருவில் எல்லா வீட்டுத் திண்டாட்டத்துக்கும் காரணம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், ஆனால் வாயைத் திறக்கவில்லை. இருட்டத் தொடங்கியதும் ஜன்னலைத் திறந்தால் தெரு முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. ஒரு வீட்டில் நின்றால் அடுத்த வீட்டில். பிறகு எல்லா வீடுகளிலும் ஒன்றாக நின்றது. ஒன்றாகத் தொடங்கியது. அவருக்குத் தூக்கம் போய்விட்டது. மாத்திரை போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்.

அந்த விடுமுறை நாள் காலையில் மனைவி பையோடு வந்து நின்றாள். "அக்கா வீட்டுப் பக்கம் ஒரு டாக்டர் இருக்காராம். நான் போய்ப் பேசிட்டு வரேன். சாயங்காலம் வந்து குழந்தையைக் கூட்டிட்டுப் போயிடுவேன். நீங்க தடுத்தாலும் சரி."

"போ, போ. தெத்துப்பல்லுக்காரி சொல்றதைக் கேட்டு அந்த டாக்டர் என் டிசைனைத் திருத்தப் போறானாக்கும்."

அவள் பையைக் கீழே வைத்தாள். மகளை இழுத்து நெற்றியில் முத்தமிட்டாள். மகள் அம்மாவின் தெத்துப்பல்லை விரலால் தொட்டுப் பார்த்தாள். எப்போதும் செய்கிற விளையாட்டுதான் அது.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் மனைவி வருவதற்குள் வெளிக்கதவைப் பூட்டிவிட வேண்டும் என்று நினைத்தார். பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் கண்ணயர்ந்தால் தேவலை என்றிருந்தது. படுக்கையறையில் உளுத்த வாடை அடித்ததால் சிகிச்சை அறைக்குப் போய், ஜன்னலைச் சாத்தி, மாத்திரையை விழுங்கிவிட்டு, நோயாளி நாற்காலியைச் சாய்த்து அதில் படுத்துக்கொண்டார். கூரையில் மழை, மூலையில் குழாய் சொட்டுகிற சத்தம், கிராம்பு வாடை. முத்து வந்து ஒரு துணியை எடுத்து அவர் மேல் போர்த்தினாள். எவ்வளவு அருமையான குழந்தை என்று நினைத்தபடி தூங்கிப்போனார்.

சத்தம்தான் எழுப்பியது.

மழை நின்றிருந்தது. அறை அரை இருட்டு. கரக், கரக். வழக்கத்தைவிடப் பக்கத்தில் கேட்டது. சுவரைப் பார்த்தார். சுவரில் இல்லை. அலமாரியைப் பார்த்தார். அலமாரியில் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டபோது ஒன்று புரிந்தது. சத்தம் காது வழியாக வரவில்லை. தோள் வழியாக ஏறி, கழுத்து வழியாக மண்டைக்குள் வந்துகொண்டிருந்தது.

எலும்பு வழியாக.

எழுந்திருக்கப் பார்த்தார். கால்கள் மாத்திரை மயக்கத்தில் இரும்பாகக் கனத்தன. வலது கையைத் தூக்கப் பார்த்தார். கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கூப்பிட வாயைத் திறந்தார். உதடு தடித்திருந்தது. நாக்கு இல்லாத மாதிரி இருந்தது. எச்சில் வழிந்து கழுத்தில் இறங்கியது. கழுத்தில் ஒரு துணி கட்டியிருந்தது. நோயாளிகளுக்குக் கட்டுகிற பச்சைத் துணி. அது எச்சிலை உறிஞ்சிக்கொண்டது.

ஓரத்தில் தட்டு. தட்டில் காலி ஊசிகள். வரிசையாக, சுத்தமாக.

ஒரு சின்னக் கை மேல்விளக்கைப் போட்டது. கண் கூசியது. பழகியது. வலது பக்கம் திரும்பினார். வெள்ளைச் சட்டை. குனிந்த தலை. எடுத்துக் கட்டிய சடை ஆடிக்கொண்டிருந்தது. ரத்தம் தெறிக்காமல் இருக்க உறிஞ்சுகுழாயைச் சரியான இடத்தில் வைத்திருந்தாள். அது பாட்டுக்கு உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஒரு தப்பும் இல்லை. சொல்லிக்கொடுத்தது எதையும் விடவில்லை.

முத்து நிமிர்ந்தாள். கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தாள். அவர் வார்த்த அதே வரிசை. குட்டையாக, சீராக, பளபளவென்று. அவள் முகத்தில் இத்தனை நாள் இல்லாத ஒரு நிம்மதி இருந்தது.

"வலிக்காதுப்பா. சத்தம்தான்."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"நீங்க வேறன்னு சொன்னீங்க இல்ல? நானும் யோசிச்சுப் பாத்தேன்ப்பா." அவன் இவன் என்று பேசாத, எதிர்த்துப் பேசாத, அன்பான குரல். "வேற இல்லப்பா. நீங்களும் சும்மா பொறந்தவங்கதான்."

அவளுக்குப் பாவமாக இருந்திருக்கும் போல. அவர் நெற்றி வேர்வையை ஒற்றி எடுத்தாள். அவர் பையில் இருந்த சாவி தட்டில் ஊசிகளுக்குப் பக்கத்தில் இருந்தது.

"அம்மா பாத்தா பயந்துடுவாங்க. அவங்க வர்றதுக்குள்ள முடிச்சுடுறோம்."

றோம்.

காத்திருப்பு அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு போடவில்லை. சுவரோரம் நாற்காலிகள் அத்தனையிலும் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். தெருப் பிள்ளைகள். கையை மடியில் வைத்து, முதுகு நிமிர்த்தி, வாயை மூடி. ஒருவர்கூடச் சளசளக்கவில்லை. ஒருவர்கூட முண்டியடிக்கவில்லை. நடுவில் அந்த மூலை குறைந்த மேஜை. அதன்மேல் அவர்கள் மரியாதையாகக் கழற்றி வைத்த மழைக்கோட்டுகள் மடித்து அடுக்கியிருந்தன.

முத்து கதவுப் பக்கம் திரும்பித் தலையசைத்தாள்.

முதல் நாற்காலியில் இருந்த குழந்தை எழுந்து வந்தது. டாக்டருக்கு ஒரு வணக்கம் சொன்னது. தொட்டி அருகில் இருந்த காகிதக் கோப்பையில் தண்ணீர் பிடித்து, அவர் எப்போதும் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே, வாயை நன்றாகக் கொப்பளித்துத் துப்பியது.